பேத்தி எதையும் பறிக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் என் பேத்தியின் படம் வந்திருந்தது. பள்ளி மாணவிகளுக்கான பளுதூக்கும் போட்டியில் அவள் முதலிடம். காலையிலேயே பெட்டிக்கடைக்குப் போய் மூன்று பிரதி வாங்கினேன். ஒன்று வீட்டுக்கு, ஒன்று மகளுக்கு, ஒன்று பத்திரமாக வைத்துக்கொள்ள. படம் நன்றாக இருந்தது. செய்தியைப் படித்ததும்தான் டீ ஆறிப்போனது.

"மாணவி பறிப்பில் 35 கிலோவும், சுத்தம் மற்றும் உதறலில் 68 கிலோவும் தூக்கினார்" என்று போட்டிருந்தீர்கள். அதற்கு நேர் கீழே இன்னொரு செய்தி: "பெண்ணிடம் 5 பவுன் நகை பறிப்பு, இருவருக்கு வலை". இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடுதான் இருந்தது.

பத்து மணிக்குள் ஆரணியிலிருந்து என் மனைவியின் அக்கா போன் செய்துவிட்டார். "பாப்பா எதைப் பறிச்சாளாம்? உதறல்னு வேற போட்டிருக்கே, காய்ச்சலா?" என்று கேட்டார். சுத்தம் என்பதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டு வேலை செய்கிற பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

பளுதூக்கலில் ஒரு தூக்குமுறைக்கு ஸ்னாட்ச் என்று பெயர். அந்த ஆங்கிலச் சொல்லை யாரோ அப்படியே கணினியில் போட்டுத் தமிழாக்கியிருக்கிறார்கள் என்று புரிகிறது. இன்னொரு முறையான கிளீன் அண்ட் ஜெர்க்குக்கும் அதே கதிதான். திட்டுவதற்காக எழுதவில்லை. ஸ்னாட்ச் என்ற சொல்லோடு எனக்கு முப்பது வருடப் பழக்கம் உண்டு. நான் காவல்துறையில் 1984-ல் சேர்ந்து 2022-ல் ஏட்டாக ஓய்வு பெற்றவன். அதில் பதினான்கு வருடம் ஸ்டேஷன் ரைட்டர். அதாவது, வாசலில் அழுதுகொண்டு வருகிறவர் சொல்வதைக் கேட்டு, அதைச் சட்டத்துக்குப் பொருந்துகிற தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. செயின் ஸ்னாட்சிங் புகார் எத்தனை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இப்போது வீட்டிலேயே ஒரு பெண் காலையும் மாலையும் ஸ்னாட்ச் போடுகிறாள். அதனால் இதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

முதலில் ஸ்டேஷன் சங்கதி. சங்கிலியைப் பறிகொடுத்த பெண் எவரும், நான் எழுதிய வரையில், "பறித்தான்" என்று சொன்னதில்லை. அது நாங்கள் எழுதுகிற வார்த்தை, நீங்கள் அச்சடிக்கிற வார்த்தை. அவர்கள் சொல்வது "இழுத்துட்டுப் போயிட்டான்". வயதில் சின்னவர்கள் "அறுத்துட்டுப் போயிட்டான்" என்பார்கள். கொஞ்சம் வயதானவர்கள் அந்த வார்த்தையை வாயில் எடுக்கவே மாட்டார்கள். போனது தாலிச் சரடு ஆயிற்றே. தாலியை அறுத்தான் என்று எப்படிச் சொல்வது? அதன் பொருள் வேறாகிவிடும். புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

ஒருமுறை ஒரு அம்மா அறுந்த சங்கிலியின் பாதியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. நான் வழக்கம்போல "கழுத்தில் அணிந்திருந்த தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு" என்று எழுதி வாசித்துக் காட்டினேன். "அப்படி எழுதாதீங்க ஏட்டையா, இழுத்தான்னு போடுங்க" என்றார். நகை போன வருத்தத்தைவிட அந்த ஒரு சொல்தான் அவரை அதிகம் வதைத்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் எழுதினேன். அன்றைக்கு ஸ்டேஷனில் தாளுக்குப் பஞ்சம். இன்ஸ்பெக்டரிடம் திட்டு வாங்கினேன். அது போகட்டும்.

இது உணர்ச்சி சம்பந்தப்பட்டது மட்டுமில்லை, வழக்கே சொல்லில்தான் நிற்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் ஸ்னாட்சிங் என்று தனிக் குற்றம் கிடையாது. 1860-ல் எழுதிய சட்டம். அன்றைக்கு மோட்டார் சைக்கிள் இல்லை. வெறும் திருட்டு என்றால் 379-வது பிரிவு, மூன்று வருடம் வரை. உடம்பில் போட்டிருக்கிற, கையில் வைத்திருக்கிற பொருளைத் திருட முயன்று தாக்கினாலோ பலவந்தம் செய்தாலோ 356, இரண்டு வருடம் வரை. அதே சமயத்தில் காயப்படுத்தியிருந்தாலோ, உடனே காயம் வரும் என்று பயமுறுத்தியிருந்தாலோ அது கொள்ளை, 392, பத்து வருடம் வரை. ஆக, இரண்டு நொடியில் முடிந்துபோன ஒரே காரியம். அந்த அம்மா "இழுத்தான்" என்றால் ஒரு பிரிவு, "இழுத்துத் தள்ளினான், விழுந்துட்டேன்" என்றால் இன்னொரு பிரிவு. கழுத்துக் கீறலுக்கு டாக்டர் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். ஹரியானாவும் குஜராத்தும் இந்தக் குழப்பம் பொறுக்காமல் தங்கள் மாநிலத்துக்கு மட்டும் 379-ஏ என்று தனிப் பிரிவு சேர்த்துக்கொண்டன. நாங்கள் பழையபடியே ஓட்டினோம்.

2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் 304-வது பிரிவு ஸ்னாட்சிங்குக்கு என்றே இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்ததுதான்; ஆனாலும் பழக்கதோஷம், வாங்கிப் படித்தேன். திருடுவதற்காக ஒருவரிடமிருந்து அசையும் பொருளைத் திடீரென்றோ, வேகமாகவோ, பலவந்தமாகவோ கைப்பற்றினாலும், வசப்படுத்தினாலும், பிடுங்கினாலும், எடுத்துக்கொண்டு போனாலும் அது ஸ்னாட்சிங். தண்டனை மூன்று வருடம் வரை, அபராதமும் உண்டு. ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்ல நான்கு வினைச்சொல்லும் மூன்று அடைமொழியும் தேவைப்பட்டிருக்கின்றன, கவனியுங்கள். டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கும் என் மேசையில் இருந்த அதே தொல்லைதான். எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. அதிகமாக இருப்பதுதான் தொல்லை. பறி என்ற ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பூவையும் பறிக்கிறோம், கிழங்கையும் பறிக்கிறோம், குழியும் பறிக்கிறோம். பூப்பறிக்கிறவளைத் திருடி என்று யாரும் சொல்வதில்லை. வழி என்ற சொல் முன்னால் வந்து நின்றதும் வழிப்பறி, கதை மாறிவிடுகிறது. குரங்கு கையிலிருக்கும் வாழைப்பழத்தைப் பறிக்காது, பிடுங்கும். நாய் கவ்வும், கோழி கொத்தும், குழந்தை லட்டை லபக்கென்று வாயில் போட்டுக்கொள்ளும். என் அம்மா உபயோகித்த ஒரு சொல் இப்போது யார் வாயிலும் வருவதில்லை. பருந்து கோழிக்குஞ்சைத் தூக்கினால் "ராஞ்சிட்டுப் போயிடுச்சு" என்பாள். ஏட்டில் எழுதினால் இறாஞ்சுதல். மேலேயிருந்து வந்து, எங்கும் நிற்காமல், வந்த வேகத்திலேயே தூக்கிக்கொண்டு போவது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருகிறவன் செய்வது அச்சு அசலாக அதுதான். வண்டி நிற்பதில்லை, கால் தரையில் படுவதில்லை. எஃப்ஐஆரில் ஒருமுறை "இறாஞ்சிச் சென்றான்" என்று எழுதி வைத்தேன். கோர்ட்டில் அரசு வக்கீல் கூப்பிட்டு "இது என்னய்யா, மீனா?" என்று கேட்டார். இறாலை நினைத்திருக்கிறார். அதோடு விட்டுவிட்டேன்.

இன்னும் பின்னால் போனால் ஆறலைத்தல் என்று இருக்கிறது. ஆறு என்றால் இங்கே வழி; வழியில் மறித்துப் பிடுங்குவதுதான் ஆறலைத்தல். அவிநாசிக்குப் பக்கத்தில் திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாளிடம் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பிய சுந்தரரை அந்த இடத்தில்தான் வேடர் வேடத்தில் வந்த பூதகணங்கள் மறித்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டதாகக் கதை. அவர் நேரே கோயிலுக்குப் போய், அடித்து, குத்தி, துணியைப் பிடுங்கிக்கொண்டு ஆறலைக்கிற இந்த ஊரில் நீர் ஏன் இருக்கிறீர் என்று சிவனையே கேட்டுப் பதிகம் பாடினார். சம்பவ இடம், குற்றவாளிகள் யார், என்ன செய்தார்கள், என்ன பொருள் போனது, எல்லாம் அதில் இருக்கிறது. புகார் என்றால் அப்படி இருக்க வேண்டும். போன பொருளும் திரும்பக் கிடைத்தது. எங்கள் ஸ்டேஷனில் அந்த அளவுக்கு மீட்டதில்லை.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். தங்கள் செய்தியை அவரிடம் காட்டியதும் அவருக்கு ஒரே உற்சாகம். அரை மணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டார். ஸ்நாக்ஸ் என்கிறோமே, அந்தச் சொல்லும் ஸ்னாட்ச்சும் உறவுக்காரர்களாம். ஸ்நாக் என்பதற்கு முதலில் நாய் வெடுக்கென்று கடிப்பது என்றுதான் பொருள் இருந்ததாம். நாலு மணிக்கு முறுக்கைக் கடிக்கும்போது இனி எனக்கு இது ஞாபகம் வரும். காற்றில் மிதந்து வரும் பாட்டில் இரண்டு அடி காதில் விழுந்தால் அதுவும் ஸ்னாட்ச். வேலைக்கு நடுவே திருட்டுத்தனமாகப் போடும் தூக்கமும் ஸ்னாட்ச். இரவு பாரா பார்த்த எங்களுக்கு அதற்குச் சொல் தேட வேண்டியதில்லை, கோழித்தூக்கம். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் மருத்துவம் படிக்கிறவர்களுக்கு அறுத்துப் பார்க்கப் பிணம் போதாமல் போனதால், ராத்திரியோடு ராத்திரியாகப் புதைகுழியைத் தோண்டி உடலைத் தூக்கி விற்ற கூட்டத்துக்கு பாடி ஸ்னாட்ச்சர்கள் என்று பெயராம். 1832-ல் சட்டம் போட்டபிறகுதான் அந்தத் தொழில் படுத்தது. கடைசியாக, குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாத ஒரு கொச்சைப் பொருளும் அதற்கு உண்டு என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதைத் தங்கள் கணினி தேர்ந்தெடுக்காமல் போனதற்கு நன்றி.

இப்போது பளுதூக்கலுக்கு வருகிறேன். உண்மையில் கடிதமே இதற்காகத்தான்.

நான் இருப்பது வேலூர் சத்துவாச்சாரி. இந்த ஊர்க்காரர் சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். ஸ்னாட்சில் 149 கிலோ, மொத்தம் 328. நான்கு வருடம் கழித்து கோல்ட் கோஸ்டில் மறுபடியும் தங்கம். அதனால் எங்கள் தெருவில் ஸ்னாட்ச் என்றால் என்னவென்று இட்லிக் கடைக்கார அம்மாவுக்குக்கூடத் தெரியும். தெரியாத ஊர்களுக்குத்தான் செய்தி எழுதுகிறவர் விளக்க வேண்டியிருக்கிறது.

கம்பியைத் தரையிலிருந்து தலைக்கு மேலே, கை முழுதாக நீளும் வரை, நடுவில் எங்கும் நிற்காமல் ஒரே இழுப்பில் கொண்டுபோவது ஸ்னாட்ச். முதலில் தோளுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, மூச்சு வாங்கி, அங்கிருந்து மேலே தள்ளுவது கிளீன் அண்ட் ஜெர்க். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. இரண்டிலும் அவரவர் தூக்கிய அதிகபட்சத்தைக் கூட்டி முடிவு சொல்வார்கள். பிரெஞ்சில் ஸ்னாட்ச்சை அராஷே என்கிறார்கள், பிடுங்கியது என்று பொருள். ஜெர்மன்காரர்களும் ஸ்பானியர்களும் வைத்த பெயர்களும் பிடுங்குவது, கிழித்தெடுப்பது என்கிற வகைதான். இதையெல்லாம் பக்கத்து வீட்டு ஆங்கில ஆசிரியர்தான் சொன்னார். ஆக, தங்கள் கணினி பறிப்பு என்று போட்டதில் அடிப்படையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எல்லா ஊரிலும் அந்தக் கம்பியை யாரோ பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் பயிற்சிக் கூடத்துக்கு வந்து பாருங்கள். பேத்தியைக் கொண்டுவிடப் போகும்போது நான் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்துப் பயிற்சியாளர் நாள் முழுக்கக் கத்துகிற ஒரே வாக்கியம், "தரையிலிருந்து பிடுங்காதே!" கம்பியைத் தரையிலிருந்து வெடுக்கென்று இழுத்தால் இடுப்பு முந்திக்கொண்டு எழும், முதுகு வளையும், கம்பி முன்னால் ஓடும், தூக்கு கெட்டது. முழங்கால் தாண்டும் வரை நிதானமாக, முதுகை இறுக்கி, கம்பியைக் காலை ஒட்டினாற்போல் கொண்டுவர வேண்டும். தொடைக்கு வந்தபிறகுதான் ஒரு உதை. அப்போதும் கம்பி தலைக்கு மேல் பறந்து போய்விடுவதில்லை. வயிற்றுக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே எங்கோ வரைக்கும்தான் வரும். மிச்சத்தைக் கம்பி ஏறுவதில்லை, ஆள் இறங்குகிறார். கம்பிக்கு அடியில் அவ்வளவு வேகமாகக் குந்தி, கையை நீட்டித் தாங்கிக்கொண்டு, பிறகு எழுந்து நிற்க வேண்டும். முதல் மூன்று மாதம் எனக்கு இது கண்ணுக்கே தெரியவில்லை. பேத்தி போனில் மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள். எதையாவது பறிக்கிறார்கள் என்றால் கம்பிக்குக் கீழே இருக்கிற அந்த ஒரு கணத்துக் காலி இடத்தைத்தான்.

அந்த ஒரு கணம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டுப் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவைப் பார்த்தால் போதும். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்னாட்சில் 84, 87 கிலோ தூக்கினார், 89 நிற்கவில்லை. கிளீன் அண்ட் ஜெர்க்கில் 115. மொத்தம் 202, வெள்ளி. தங்கம் வாங்கிய சீனப் பெண் ஸ்னாட்சிலேயே 94 தூக்கியவர். 2024-ல் பாரிஸில் மீராபாய் ஸ்னாட்சில் 88, மொத்தம் 199. வெண்கலம் 200 கிலோவுக்குப் போனது. ஒரு கிலோ. எங்கள் வீட்டில் அன்று ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சரி, தமிழில் என்ன எழுதுவது? நானும் யோசித்துப் பார்த்தேன். ஒரே மூச்சுத் தூக்கு, ஒரே வீச்சுத் தூக்கு என்றெல்லாம் தாளில் எழுதிப் பேத்தியிடம் கொடுத்தேன். சிரித்துவிட்டு, "கூடத்துல யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க தாத்தா" என்றாள். உண்மைதான். பிள்ளைகள் "இன்னைக்கு ஸ்னாட்ச் மட்டும்தான்" என்கிறார்கள். கிரிக்கெட்டில் விக்கெட்டை விக்கெட் என்றே எழுதுகிறோம், யாரும் சுருங்கிப்போய்விடவில்லை. ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்று தமிழ் எழுத்திலேயே போட்டுவிட்டு, முதல்முறை வரும்போது ஒரே இழுப்பில் தூக்குவது, தோளில் நிறுத்தித் தூக்குவது என்று இரண்டு சொல் சேர்த்தால் ஆரணிக்கும் புரியும். பறிப்பை நகைச் செய்திக்கு விட்டுவிடுங்கள். அங்கே அது பொருத்தமாகவே இருக்கிறது. தாலிச் சரடு போன செய்தியில் மட்டும் "அறுத்து" என்று போடாமல் இருந்தால், படிக்கிற அம்மாக்கள் சார்பில் நன்றி சொல்வேன். தலைப்பில் "தங்கம் தட்டிச் சென்றார்" என்று எழுதுகிறீர்களே, அதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. பத்திரிகை என்றால் அதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.

முடிக்குமுன் ஒன்று. நான் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாளாக மருகிக்கொண்டிருக்க, பேத்தி செய்தியைப் படித்த அன்றே கோபத்தில் பேப்பரைத் தூக்கிப் போட்டாள். பறிப்பு என்ற சொல்லுக்காக இருக்கும் என்று நினைத்து நான் சமாதானம் சொல்லப் போனேன். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. அவள் ஸ்னாட்சில் தூக்கியது 53 கிலோ. எண்ணைத் திருப்பிப் போட்டு 35 ஆக்கிவிட்டீர்கள். "முப்பத்தஞ்சு எல்லாம் வார்ம் அப் தாத்தா, கூட இருக்குற பசங்க சிரிக்கிறாங்க" என்கிறாள். பெண்கள் தூக்கும் வெறும் கம்பியே 15 கிலோ. இரண்டு பக்கமும் பத்துப் பத்தாக மாட்டினால் 35 வந்துவிடும். அதற்கு முதல் பரிசு எந்த ஊரில் தருகிறார்கள்?

ஆகவே தயவுசெய்து 53 என்று ஒரு திருத்தம் மட்டும் வெளியிட வேண்டுகிறேன். சின்னதாகப் போட்டாலும் போதும், மறுபடி மூன்று பிரதி வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.